கால்மேல் கால்

கொக்ரானுக்கு நாற்பது கிலோமீட்டர் முன்னால்
சரளைக்கல் சாலையின் வளைவில்
நோல்பெர்த்தோவின் வண்டி பாலத்துச் சுவரை முட்டியபோது
நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அதைச் சொல்லியே ஆகவேண்டும்.
கம்பளி கத்தரிக்கும் ஆட்களுக்கு
மூன்று மாதம் பொங்கிப்போட்ட கூலி
சட்டைக்குள் கதகதவென்று இருந்தது.
ஒரு நாளாவது பண்ணைக்காரி மாதிரி
உட்கார்ந்தால் என்ன என்று தோன்றியது.
முழங்கால் டாஷ்போர்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வலிக்கு முன்னால் வடிவம் தெரிந்தது.
வலது கால் இடதைவிட இரண்டு விரற்கடை குட்டை.
மடங்கி, உட்பக்கம் திரும்பி,
நாணப்படுகிறவள்போல
மற்ற முழங்காலில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.
நீட்டு என்றேன்.
யாரோ ஒருத்தியின் கால் அது.
பிறகு வலி வந்தது. அதைப் பற்றி எழுதமாட்டேன்.

"இழுத்தால் சரியாகும்,
எத்தனை கன்றை இழுத்திருக்கிறேன்" என்றான் நோல்பெர்த்தோ.
"தொட்டாயானால் கடிப்பேன்" என்றேன்.

சாலை வேலையில் கொடி பிடித்து நின்ற எர்மெலிந்தா
ஆரஞ்சுச் சட்டையோடு ஓடிவந்தாள்.
நேராக்கவில்லை. கிடந்தபடியே
முழங்காலுக்கடியில் போஞ்சோவைச் சுருட்டி வைத்தாள்.
விரலை அசை என்றாள்.
கட்டைவிரல் யோசித்து யோசித்து அசைந்தது.
என் புறங்கையில் பேனாவால் எழுதினாள்:
11.20.

மருத்துவமனையில் அந்தப் பையன்
(டாக்டர்தான், பால் மணம் மாறாத முகம்)
முதலில் பார்த்தது என் கையைத்தான்.
படத்தில் பந்து கிண்ணத்தில் இல்லை,
கிண்ணத்துக்குப் பின்னால் மேலேறி நின்றது,
வாசல் தவறிய விருந்தாளி.
ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே போகவேண்டும்,
இல்லையென்றால் எலும்பு ரத்தமில்லாமல் சாகலாம்.
கோய்ஹைக்கேவுக்கு ஏழு மணி நேரம்.
இந்தக் கணக்கைப் போட
அவனுக்குப் படிப்பு தேவைப்படவில்லை.

மீதியை நர்ஸ் உலீசஸ் சொல்லித்தான் தெரியும்.
நான் மருந்தில் தூங்கினேனாம்.
டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டில்மேல் ஏறினானாம்,
இடது சாக்ஸில் ஓட்டை.
உலீசஸ் என் இடுப்பெலும்பை அழுத்திப் பிடிக்க
அவன் என் முழங்காலை வானத்தைப் பார்த்துத் தூக்கினான்,
கொஞ்சம் திருப்பினான், மறுபடி தூக்கினான்.
தொலைபேசியில் கோய்ஹைக்கே நிபுணர்
மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.
டொக்.
அவருக்கே கேட்டதாம்.

மணி 2.05.
விழித்தபோது இரண்டு குதிகாலும்
ஒரே கோட்டில் இருந்தன.
இவ்வளவு அழகான சமநிலத்தை நான் பார்த்ததில்லை.

மறுநாள் கோய்ஹைக்கேயில் பெரிய ஸ்கேன்.
சில்லு எதுவும் உடைந்து உள்ளே சிக்கவில்லை.
அப்புறம் ஆறு வாரம் ஊன்றுகோல், தடைகளின் பட்டியல்:
தாழ்வான நாற்காலி கூடாது.
குனிந்து செருப்பு மாட்டக் கூடாது.
கால்மேல் கால் கூடவே கூடாது.
சிரித்தேன். டாக்டருக்கு ஏன் என்று புரியவில்லை.

கூலி முழுவதும் பயிற்சிக்குப் போய்வரும்
பேருந்தில் கரைந்தது.
ரப்பர்ப் பட்டையை இழுத்து விரித்து
தொடைக்கு நடை சொல்லிக்கொடுத்தேன்.
கட்டைவிரல் ஏப்ரலில்தான் யோசிப்பதை நிறுத்தியது.

நோல்பெர்த்தோ மன்னிப்புக் கேட்கவில்லை.
தினமும் விறகு கொண்டுவந்தான்.
வழக்கம்போல் தரையில் குவிக்காமல்
பழைய மேஜைமேல், என் இடுப்பு உயரத்துக்கு
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போவான்.
நானும் எதுவும் சொல்லவில்லை.
மாத்தே மட்டும் நீட்டினேன்.

எலும்பு பிழைத்ததா என்று
அடுத்த பிப்ரவரியில்தான் முடிவாகச் சொல்வார்களாம்.

நவம்பரில் மறுபடி சமைக்கப் போனேன்.
அதே வண்டி, புதுக் கண்ணாடி.
இரண்டு பாதமும் தரையில்,
பள்ளிக்கூடப் பிள்ளைபோல.
பாலம் வந்ததும் நோல்பெர்த்தோ வேகத்தைக் குறைத்து
சாலையைப் பார்க்காமல்
என் முழங்காலைப் பார்த்தான்.

"முன்னால் பார்த்து ஓட்டு" என்றேன்.